மதர்போர்டோடு போய்விடும் உரிமம்

 

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. பதிவுசெய்து கொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை தரப்பட்டது. அன்று முதல் நம் புதுச்சேரி வீடுகளில் ஒரு கேள்வி சுற்றிவருகிறது. பிள்ளைகளின் படிப்புக்காக எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணினியை என்ன செய்வது? மதரஸா விட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் நம்மிடமும் இதைக் கேட்கின்றனர். மார்க்கம் படிப்பிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். பணம் செலவாகும் இடத்திலும், பிறர் உரிமை கலந்திருக்கும் இடத்திலும் ஹலால் ஹராம் பேச்சு வந்தே தீரும்.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். பிராசஸரும், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, ஏஎம்டி ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. அவை பழுதாகவில்லை, நேற்று செய்த வேலையை இன்றும் செய்கின்றன. ஆனாலும் “முழுசா மாத்திடுங்க பாய்” என்ற ஆலோசனையே முதலில் காதில் விழுகிறது.

முழுவதும் மாற்றத் தேவையில்லை என்பதே நம் கருத்து. கேபினெட், திரை, விசைப்பலகை, எஸ்எஸ்டி ஆகியவை பெரும்பாலும் அப்படியே பயன்படும். மாற வேண்டியவை மதர்போர்டும் பிராசஸரும்தான். வாங்கும் முன் சிலவற்றைக் கவனித்தால் வீண்செலவு மிஞ்சும். பிராசஸர் அமரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயர்தான்; இருந்தும் ஏழுக்குரிய பழைய போர்டில் எட்டு இயங்காது. ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியுள்ளது.

அடுத்தது ராம். டிடிஆர்4 ராம், டிடிஆர்5 போர்டில் பொருந்தாது. இன்டெல் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு இரு வகைப் போர்டுகளும் உண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு டிடிஆர்4 ஏற்கும். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்ட நிலையில், வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் இருப்பவர் அதையே ஏற்கும் போர்டைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதனுள் கிராபிக்ஸ் வசதி இராது. தனி கார்டு இல்லாமல் திரையில் படம் வராது. பழைய பவர் சப்ளை புதிய போர்டுக்குப் போதுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ரிச்சி தெருவுக்குப் போனாலும், நம்மூர்க் கடையில் வாங்கினாலும், ஜிஎஸ்டி ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. பிரான்சிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பாகத்துக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்று முன்னரே கேட்டறிவதும் நல்லது.

இதுவரை சொன்னதைக் கடைக்காரர்களும் சொல்வார்கள். அவர்களில் பலர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. இதை எழுத முனைந்ததே அதற்காகத்தான். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்த மதர்போர்டோடு பிணைந்தது. பழுதுக்காக அல்லாமல், மேம்படுத்துவதற்காகப் போர்டை மாற்றினால் அதைப் புதிய கணினியாகவே நிறுவனம் கருதும். பழைய உரிமம் போர்டோடு போய்விடும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய சில்லறை உரிமத்தை மட்டுமே புதிய போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த இடத்தில்தான், “நான் போட்டுத் தந்துடறேன், கவலைப்படாதீங்க” என்று திருட்டுப் பிரதி வீட்டுக்குள் வந்து சேர்கிறது. சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கப்படும் சாவி எண்களிலும், நிறுவனங்களுக்கென மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை பல உண்டு.

“அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இதனால் என்ன நட்டம்?” என்று கேட்பவர் உண்டு. உரியவர் பணக்காரர் என்பதால் அவருடைய பொருள் நமக்கு ஆகுமானதாகிவிடாது. பக்கத்துத் தோப்பு பெரியது என்பதற்காக அதன் தேங்காயைக் கேளாமல் எடுப்போமா? “மென்பொருள் கையில் பிடிக்கும் பொருள் அன்றே” என்பது அடுத்த வாதம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை மார்க்கத்தின் பார்வையில் பாதுகாக்கப்பட வேண்டிய உரிமைகள். அவற்றின்மீது வரம்பு மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. “கடைக்காரர்தான் போட்டார், நாம் கேட்கவில்லை” என்பது மூன்றாவது வாதம். கேட்காமல் இருந்ததே நமக்கு வசதியாக இருந்தது என்றால் அந்த வாதமும் நிற்காது. திருட்டுப் பிரதியைத் திறக்கும் கருவிகளோடு தீய நிரல்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ஹஜ் விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் அதே கணினியில்தானே இருக்கின்றன?

உரிமத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லாத குடும்பத்துக்கு வழி என்ன? வழி இருக்கிறது. லினக்ஸ் வகை இயங்குதளங்களை நகலெடுக்கவும் பகிரவும் அவற்றை ஆக்கியவர்களே அனுமதி தந்துள்ளனர். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிக்கிறது. நம் மாஹியைச் சூழ்ந்துள்ள கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகப் பிள்ளைகள் கட்டற்ற மென்பொருளில்தான் கணினி பயில்கின்றனர். கடிதம் எழுத, கணக்குப் போட, இணைய வகுப்பைக் கேட்க இது போதும். அப்படியானால் பல வீடுகளில் போர்டை மாற்றும் தேவையே எழாது. ஏழாம் தலைமுறைக் கணினியில் ஓர் எஸ்எஸ்டியும் எட்டு ஜிபி ராமும் இருந்தால் நன்றாக ஓடும். ஃபோட்டோஷாப், டாலி போன்றவற்றை நம்பித் தொழில் செய்பவருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் போர்டின் விலையோடு உரிமத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிடட்டும். அந்தத் தொகை கைக்கு எட்டவில்லையென்றால் மேம்படுத்தலைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே பரக்கத்தான வழி.

கழற்றிய பாகங்களிலும் பொறுப்பு உண்டு. விற்பதானால் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். நம் கடலோரத்தின் உப்புக்காற்றில் துருவேறிய போர்டைத் துடைத்துப் பளபளப்பாக்கி, குறையை மறைத்து விற்பது மோசடி. ஹார்ட் டிஸ்க்கைக் கொடுப்பதானால் முழுமையாக அழித்த பின்பே கொடுக்க வேண்டும். அதில் இருப்பவை நம் வீட்டுப் பெண்மக்களின் படங்கள், பிறர் நம்பிக் கொடுத்த ஆவணங்கள். எல்லாம் அமானிதம். ஓடாத பொருளை மதரஸாவுக்கு ‘சதகா’ என்று அனுப்புவது தர்மம் ஆகாது. நமக்குத் தந்தால் நாம் வாங்க மாட்டோம் அல்லவா? ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் கால்வாசிக்கும் குறைவு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும், தெருக்குப்பையில் அல்ல.

ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டார் ஒன்றாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கணினியால் நமக்கு ஆக வேண்டிய வேலை என்ன? அதற்கு எந்தப் பாகம் மட்டும் மாறினால் போதும்? அதில் ஓடப்போகும் மென்பொருளுக்கு உரியவரின் அனுமதி நம்மிடம் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகளின் முன்னிலையில் கேளுங்கள். திருட்டுப் பிரதி ஓடும் கணினியின் முன் அமர்ந்து நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளை, பெற்றோரிடமிருந்து கற்பது கட்டுரையை அன்று.

நம் பொருளிலும் பயன்பாட்டிலும் ஹலாலைப் பேணி, வீண்விரயத்தை விட்டு விலகி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.