ஈட்டி இருக்கட்டும், இலக்கு மாறட்டும்

ஒரு வழக்கத்தைச் சட்டத்தால் தடைசெய்துவிடலாம். அவ்வழக்கம் மனிதருக்குத் தந்துவந்த பெருமையை அப்படித் தடைசெய்ய இயலாது. தெற்குக் கென்யாவின் மாசாய் மக்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுவே தோன்றுகிறது.

மாசாய் இளைஞனுக்குச் சிங்க வேட்டை என்பது வீரத்தின் சான்று. சிங்கத்தின்மேல் முதல் ஈட்டியைப் பாய்ச்சியவனுக்கு ஊரில் பெயர் உண்டு. பெண்களிடம் மதிப்பு உண்டு. கென்ய அரசு 1977ஆம் ஆண்டிலேயே வேட்டைக்குத் தடை விதித்தது. ஆயினும் ஈட்டிகள் ஓயவில்லை. 2008ஆம் ஆண்டில் இளைஞர்களை வழிநடத்தும் மாசாய் மூத்தோரே, இவ்வழக்கத்தைக் கைவிட வழி காணுமாறு காட்டுயிர்க் காப்பாளர்களை நாடினர். அதன் விளைவே 2012 டிசம்பரில் அம்போசெலிக்கு அருகே கிமானாவில் தொடங்கிய மாசாய் ஒலிம்பிக்ஸ்.

அங்கே நடப்பவை வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்த ஆட்டங்கள் அல்ல. ஈட்டி எறிகிறார்கள். ருங்கு எனும் குறுந்தடியை இலக்கு நோக்கி வீசுகிறார்கள். உயரே கட்டிய கயிற்றைத் தலையால் தொட எம்பிக் குதிக்கிறார்கள். மேய்ச்சல் வாழ்க்கை பழக்கிய கால்கள் 5000 மீட்டர் ஓடுகின்றன. சிங்க வேட்டையில் இடமே இல்லாத பெண்களும் இங்கே ஓடுகிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா, மாசாய் இனத்தவர்; இப்போட்டிகளுக்குத் துணை நின்றவர். வெல்லும் அணிக்குப் பரிசு ஒரு பொலிகாளை. மாடே செல்வமான சமூகத்தில் இதைவிடப் பொருத்தமான பரிசு வேறென்ன?

எனினும் இதைக் கண்டு நாம் நிறைவடைந்துவிடலாகாது. 2023 மே மாதத்தில் அதே வட்டாரத்தில் ஆடுகளைக் கொன்ற ஆறு சிங்கங்கள் ஒரே நாளில் ஈட்டிக்கு இரையாயின. அதே வாரத்தில் 19 வயதான லூன்கிட்டோ என்ற சிங்கமும் ஒரு பட்டியில் புகுந்து மாண்டது. இவை பெருமைக்காக நடந்த கொலைகள் அல்ல. இழப்பின் சினத்தால் நடந்தவை. பந்தயத்தில் வென்ற பதக்கம் பட்டியில் செத்த ஆட்டுக்கு ஈடாகாது.

ஆகவே விளையாட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. பெருமை என்ற பாதிக் கணக்கை அது நேர்மையாகத் தீர்த்திருக்கிறது. மீதிப் பாதி இழப்பீடும் உறுதியான பட்டி வேலியும். அந்தச் செலவை மேய்ப்பர்கள் தலையில் மட்டும் சுமத்தாமல், சிங்கம் வாழவேண்டும் என்று தொலைவிலிருந்து விரும்பும் நாமும் ஏற்பதே நியாயம்.