எதையும் ஓட்டும் ஆரஞ்சுக் கூம்பு

கல்யாண வீடியோ பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் வழியில்லை. 1980களில் மணமானவர்களிடம் இருப்பது வி.எச்.எஸ். கேசட். அடுத்த தலைமுறையிடம் வி.சி.டி. அதற்கும் அடுத்தவர்களிடம் டி.வி.டி. உலகில் கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அந்த வேலையை நிறுத்திவிட்டது. டி.வி.டி. படங்களை ஓட்டும் வசதியை 2012ல் வந்த விண்டோஸ் 8லிருந்தே மைக்ரோசாஃப்ட் கழற்றிவிட்டது. புதிய லேப்டாப் பலவற்றில் டிஸ்க் போடும் தட்டே கிடையாது. நேற்று செல்போனில் எடுத்த பேரன் வீடியோ மட்டும் வாழ்ந்ததா? கம்ப்யூட்டரில் திறந்தால் சில சமயம் சப்தம் வருகிறது, படம் வருவதில்லை.

இந்தத் தலைவலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பைசா செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. வி.எல்.சி. மீடியா பிளேயர். ஆரஞ்சும் வெள்ளையுமான சாலைக் கூம்புதான் அதன் சின்னம். 2025 ஜனவரி வரை 600 கோடி முறைக்கு மேல் டவுன்லோட் செய்யப்பட்டதாக அதன் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் இந்தியாவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பலரும் அதை வெறும் பட்டன் தட்டும் பெட்டியாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு வீடியோ ஃபைல் என்பது சுருக்கி மடித்த துணி மாதிரி. எந்த முறையில் மடித்தார்களோ, அதே முறை தெரிந்தவரால்தான் பிரிக்க முடியும். இந்த மடிப்பு முறைக்குப் பெயர் கோடெக். மற்ற பிளேயர்கள் பலவும் இந்தப் பிரிக்கும் வேலைக்கு விண்டோஸை நம்பியிருக்கின்றன. வி.எல்.சி. தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னோடே சுமந்து வருகிறது. அதனால்தான் வேறெதிலும் ஓடாத ஃபைல் அதில் ஓடுகிறது. ‘கோடெக் பேக்’ என்று இன்டர்நெட்டில் கிடைக்கும் மூட்டைகளைத் தேடி வைரஸ் வாங்கி வர வேண்டிய அவசியமும் இல்லை.

மாணவர் விடுதியில் பிறந்தது

இது பெரிய கம்பெனியின் சரக்கல்ல. பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரால் பாரி என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996ல் தொடங்கிய புராஜெக்ட். விடுதியின் நெட்வொர்க்கை மாணவர்களே நடத்தி வந்தார்கள். அதன் வேகம் போதவில்லை. புதிய நெட்வொர்க்குக்குக் காரணம் காட்டவேண்டி, சாட்டிலைட் டி.வி.யை விடுதி முழுவதற்கும் கேபிளில் அனுப்பிக் காட்டுகிறோம் என்று இறங்கினார்கள். அனுப்பும் புரோகிராம் ஒன்று, வாங்கிக் காட்டும் புரோகிராம் ஒன்று. வாங்கிக் காட்டியதுதான் இன்றைய வி.எல்.சி. 2001 பிப்ரவரியில் கல்லூரி அனுமதியுடன் அதன் நிரல் பொதுவில் விடப்பட்டது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். இப்போது வீடியோலேன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது. விளம்பரம் கிடையாது.

இந்தியாவில் அதற்கு ஒரு வனவாசமும் வாய்த்தது. 2022 பிப்ரவரியிலிருந்து அதன் இணையதளம் இங்கே முடக்கப்பட்டிருந்தது. காரணத்தை அரசு பகிரங்கமாகச் சொல்லவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சிமன்டெக் நிறுவனம் ஒரு அறிக்கை வெளியிட்டிருந்தது. சீனத் தொடர்புள்ளதாகக் கருதப்படும் சிகாடா என்ற கும்பல், தான் ஏற்கனவே ஊடுருவிய கம்ப்யூட்டர்களில் வி.எல்.சி.யை ஒரு போர்வையாகப் பயன்படுத்தி நாச நிரலை இயக்கியது என்றது அந்த அறிக்கை. இரண்டையும் பலர் முடிச்சுப் போட்டார்கள். இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் சட்ட உதவியுடன் வீடியோலேன் அக்டோபரில் நோட்டீஸ் அனுப்பியது. தடை ஆணையின் நகலைக் கொடுங்கள், விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. நவம்பரில் தடை நீங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் கடையை மூடினால் போலிக் கடைகளுக்குத்தான் கொண்டாட்டம். வி.எல்.சி. பெயரில் விளம்பரக் குப்பையையும் உளவு புரோகிராம்களையும் சேர்த்துக் கொடுக்கும் தளங்கள் பல ஆண்டுகளாகவே உண்டு. அசல் முகவரி முடங்கிய மாதங்களில் தேடி வந்தவர்களுக்கு முன் நின்றவை அவையும்தான்.

முதல் வேலைகள்

எனவே முதல் விதி: வீடியோலேன் டாட் ஆர்க் என்ற அசல் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். செல்போனில் என்றால் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர். பணம் கேட்டாலோ, கூடவே வேறு புரோகிராமை ஏற்றவா என்று கேட்டாலோ அது போலி.

கம்ப்யூட்டரில் முதல் தடவை திறக்கும்போது இரண்டு கேள்வி கேட்கும். படங்களைப் பற்றிய விவரங்களை இன்டர்நெட்டிலிருந்து எடுத்து வரட்டுமா என்பது ஒன்று. என்ன பார்க்கிறோம் என்பது வெளியே போவதை விரும்பாதவர்கள் இதில் உள்ள டிக்கை எடுத்துவிடலாம். புதிய பதிப்பு வந்தால் சொல்லட்டுமா என்பது இன்னொன்று. இதை விட்டுவைப்பதே நல்லது. ஓட்டைகள் அடைக்கப்படுவது புதிய பதிப்புகளில்தான்.

மற்ற அமைப்புகள் எல்லாம் டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ் என்ற இடத்தில் இருக்கின்றன. எதையாவது மாற்றிக் குழப்பிவிட்டால் பயமில்லை. அங்கேயே ரீசெட் பட்டன் உண்டு. பழையபடி ஆகிவிடும்.

தமிழ் படிக்க வைப்பது

மும்பையிலும் டெல்லியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே ஃபைலில் இந்தி, தெலுங்கு, தமிழ் என்று பல ஒலித்தடங்கள் இருக்கும். திறந்தவுடன் பேசுவது இந்தி. ஓடும்போது பி என்ற எழுத்தை அழுத்தினால் தடம் மாறும். ஒவ்வொரு முறையும் அழுத்த அலுப்பாக இருந்தால் பிரிஃபரன்சஸில் ஆடியோ பகுதிக்குப் போய், விருப்ப மொழி என்ற கட்டத்தில் டி, ஏ, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சின்ன எழுத்தில் அடித்துவிட வேண்டும். தமிழுக்கான சர்வதேசக் குறியீடு அது. ஃபைலில் தமிழ்த் தடம் முறையாகப் பெயரிடப்பட்டிருந்தால், பிறகு அதுவாகவே தமிழில் தொடங்கும்.

சப்டைட்டில் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ தெரிகிறது என்பது அடுத்த புகார். இங்கே கோளாறு இரண்டு இடத்தில் இருக்கலாம். சப்டைட்டில் பகுதியில் எழுத்துக் குறியாக்கத்தை யு.டி.எஃப்.-8 என்று மாற்ற வேண்டும். ஃபான்ட் கட்டத்தில் நிர்மலா அல்லது லதா போன்ற தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு படத்தை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். தெரியாவிட்டால் அந்த ஃபைல் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாம் போன்ற முறையில் அடிக்கப்பட்டதாக இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றினால்தான் விமோசனம். சப்டைட்டில் ஃபைலுக்கும் படத்துக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டுவிட்டால் தானாகவே ஏறிக்கொள்ளும்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கமா? பேச்சு முந்தினால் கே, பிந்தினால் ஜே. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வினாடியில் 20ல் ஒரு பங்கு நகரும். சப்டைட்டில் முந்தினால் எச், பிந்தினால் ஜி. வசனம் கிசுகிசுப்பாகவும் சண்டைக் காட்சி காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் எஃபெக்ட்ஸ் பகுதியில் கம்ப்ரஸரை இயக்கலாம். ராத்திரி படம் பார்ப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தார் நன்றி சொல்வார்கள்.

பழைய படத்துக்கு உயிர்

வி.சி.டி.யை வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் செய்ய வேண்டிய வேலை, அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. டிஸ்க் டிரைவ் இல்லாவிட்டால் யு.எஸ்.பி.யில் செருகும் டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. டிஸ்க்கில் எம்பெகாவ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் ஃபைல்தான் படம். அதை அப்படியே காப்பி செய்தால் வி.எல்.சி. ஓட்டும். மீடியா மெனுவில் உள்ள கன்வர்ட் வசதியால் எம்.பி.4 ஆகவும் மாற்றி வெளிநாட்டு மகளுக்கு அனுப்பலாம். ஆனால் மாற்றியதோடு மூலத்தை அழித்துவிடக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிவு கொஞ்சம் குறையும். வி.சி.டி.யின் படமோ அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள்தான். இழப்பதற்கு அதிகமில்லை.

கேசட்டுக்கு வி.எல்.சி. மட்டும் போதாது. ஓடும் நிலையில் ஒரு வி.சி.ஆர். வேண்டும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவியும் வேண்டும். ஊரில் யாராவது ஸ்டூடியோக்காரர் வைத்திருந்தால் கொடுத்து மாற்றிக்கொள்வது உத்தமம். அப்படி மாற்றிய படத்தில் ஆட்கள் நகரும்போது ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரியும். பழைய டி.வி. ஒவ்வொரு படத்தையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என இரண்டு பாதியாகக் காட்டியதன் மிச்சம் அது. வீடியோ மெனுவில் டீ-இன்டர்லேஸ் என்பதை ஆன் செய்தால் பல் மறையும். மணப்பெண் இருமடங்கு பருத்துத் தெரிந்தால் ஏ எழுத்தை அழுத்தி 4:3 வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

எல்லாமே முடியும் என்று நினைக்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகளில் செல்போனுக்கு இறக்கிவைத்த படங்கள் பூட்டுப் போட்டவை. அவற்றை இது திறக்காது.

அதிகம் பேருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. ஓடும் படத்தில் ஈ என்ற எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். வேண்டிய முகம் வந்ததும் ஷிஃப்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் அது தனி போட்டோவாகச் சேமிக்கப்படும். ஆல்பத்தில் ஒரு படம்கூட இல்லாமல் போய்விட்ட தாத்தா, யார் வீட்டுக் கல்யாண வீடியோவிலாவது பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். டிஸ்க் ஓடும் நிலையில் இருக்கும்போதே அவரை வெளியே எடுத்துவிடுவது நல்லது.