எலிக்கு நஞ்சு, பறவைக்குக் கூண்டு

சுங்கை என்றால் மலாய் மொழியில் ஆறு; புரோங் என்றால் பறவை. வட சிலாங்கூரின் சுங்கை புரோங், பறவையின் பெயர் தாங்கிய ஊர். ஆயினும் அவ்வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் கொழுத்து வாழ்வது எலியே.

எலி திருட்டுப் பிராணி, அதைக் கொல்வது கடமை. பாடும் பறவை அழகுச் செல்வம், அதை வளர்ப்பது அன்பு என்பர் பலர். இக்கூற்றின் இரு பாதியும் பொய்யே.

1917ஆம் ஆண்டு, கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. பின்னர் ரப்பர் வீழ்ந்த இடமெல்லாம் செம்பனை எழுந்தது. ஆண்டு முழுவதும் பழம். வெட்டிக் குவித்த மட்டைகளின் அடியில் மறைவிடம். மூன்றே வாரத்தில் குட்டி ஈனும் எலிக்கு வேறென்ன வேண்டும்? விருந்து வைத்தவன் மனிதன். உண்ட எலிக்கோ திருட்டுப் பட்டம்! வார்ஃபரின் வைத்தார்கள், 1980களில் அந்நஞ்சைத் தாங்கும் எலிகள் தோன்றின. கடுநஞ்சு வைத்தார்கள், நஞ்சுண்ட எலியைத் தின்ற கூகைகள் மடிந்தன. எலி ஒழியவில்லை.

பாராவ்-பாராவ் என்னும் பறவையோ ஆற்றோரப் புதர்களில் இணையோடு பாடுவது. வைக்கோல் நிறத் தலையுடைய கொண்டைக்குருவி இனம். அது செய்த குற்றம், இனிய குரல் படைத்தது ஒன்றே. கூண்டுக்காகப் பிடிபட்டுத் தாய்லாந்தில் அது அற்றே போயிற்று. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களோடு சேர்த்தது. 2022இல் மலேசியா, சிங்கப்பூர், அமெரிக்கா ஆகிய நாடுகள் முன்மொழிய, காட்டில் பிடித்த பறவையின் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்டது.

காடழிப்பு மட்டுமே காரணம் எனச் சிலர் தப்பிக்கப் பார்ப்பர். அப்படியாயின், கட்டடங்கள் நெருங்கிய சிங்கப்பூர் இன்று அப்பறவையின் முதன்மைப் புகலிடமாய் விளங்குவது எங்ஙனம்? அங்கே கண்ணி வைக்கும் கை தடுக்கப்பட்டது. அதனால் குரல் பிழைத்தது.

வெறுக்கப்பட்ட எலி வாழ்கிறது. விரும்பப்பட்ட பறவை மாய்கிறது. பகையைவிடக் கொடியதாகிவிட்ட இந்த அன்புக்கு அன்பென்று பெயர் வைப்பது தகுமா? கூண்டுப் பறவையை விலை கொடுத்து வாங்குபவனே கண்ணி வைப்பவனுக்குக் கூலி கொடுப்பவன். கூகையின் அலறலை அபசகுனம் என்று விரட்டுபவனே எலிக்குக் காவல் நிற்பவன். தோட்டத்தில் கூகைக்குக் கூடும், ஆற்றோரத்தில் பறவைக்கு விடுதலையும் வேண்டும். இல்லையேல் சுங்கை புரோங்கில் ஆறு இருக்கும். பறவை பெயர்ப்பலகையில் மட்டுமே இருக்கும்.