பாண்டவருக்கு ஏன் இந்தப் பட்டா?

பழனி மலைத்தொடரிலே, தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும், பாறைகளின் மீது கற்திட்டைகள் நிற்கின்றன. சுற்றிலும் நிறுத்திய பலகைக் கற்கள். மேலே மூடியாக ஒரு பெருங்கல். சுண்ணாம்பில்லை, சாந்தில்லை. ஆயினும் ஈராயிரம் ஆண்டு மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து நிற்கின்றன! எவர் எழுப்பியவை எனக் கேளுங்கள். "பாண்டவர் வீடு" என்பார் ஒருவர். "குள்ளர் வீடு" என்பார் மற்றொருவர்.

என்னே விந்தை! கல்லைப் பிளந்தவன் இம்மலையான், சுமந்தவன் இம்மலையான், நிறுத்தியவன் இம்மலையான். பட்டாவோ அத்தினாபுரத்து அரசகுமாரருக்கு!

இவை வீடல்ல, தோழர்களே! இறந்தோர் நினைவாகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய ஈமச் சின்னங்கள். பிணத்தைக் கல்லிட்டு மூடும் இடத்துக்குப் 'பதுக்கை' என்ற பெயர் சங்கப் பாடல்களிலேயே உண்டு. இம்மலைக் கற்திட்டைகளை ஏசு சபைத் துறவியர் ஆங்லாடும் நியூட்டனும் ஆய்ந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னர், தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இம்மலையில் விளையும் கல்லன்று. தொலைதூர வணிகத்தோடு உறவு கொண்டிருந்தனர் இம்மலை மக்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

புராணிகர் பறித்தது ஒரு பங்கு. மற்றொரு பங்கைப் பறிப்பது சுற்றுலா ஏடு. 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் பங்களா கட்டினர். கொடைக்கானலின் வரலாறு அன்றுதான் தொடங்கிற்றாம்! அதற்கு முன் இங்கே வாழ்ந்த பளியர் மனிதரல்லரோ? மலைச்சரிவில் உழுதவர் மனிதரல்லரோ?

பழமை என்பதற்காகப் பூசை போடச் சொல்லவில்லை நாம். கற்பூரம் ஏற்றினால் கற்திட்டையும் கோயிலாகும். பிறகு உண்டியலும் வரும்! நாம் வேண்டுவது பாதுகாப்பு. புதையல் இருக்குமென மூடிக்கல்லைப் புரட்டுகிறான் பேராசைக்காரன்; சுவர் எழுப்பப் பலகைக்கல்லைப் பெயர்க்கிறான் அறியாதவன். பெயர்த்த கல் சுவராகலாம். வரலாறு மீண்டும் ஆகுமோ?

நம் வகுப்பிலே பஞ்சபாண்டவர் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, தன் ஊர்ப் பாறைமேல் நிற்பது இன்னதென்று சொல்வாரில்லை. சொல்வோம்! விடுமுறை நாளில் பிள்ளைகளோடு மலையேறுங்கள், இளைஞர்களே! கற்திட்டைகளை எண்ணுங்கள், அளந்து குறியுங்கள், படமெடுங்கள். அப்பட்டியலை ஊராட்சியிடமும் தொல்லியல் துறையிடமும் கொடுத்து, காவல் கேளுங்கள். பட்டாவை உழைத்தவன் பெயருக்கு மாற்றும் முதல் மனு அதுவே!