கொடுக்கும்போது ஊதியமன்று, பறிக்கும்போது வருமானமா?

கனடாவின் மத்திய சிறைகளில் உழைக்கும் கைதிக்கு அரசு கொடுக்கும் உயர்ந்தபட்ச நாட்கொடுப்பனவு 6.90 டொலர் என 1980களில் வகுக்கப்பட்டது. அதன்பின் விலைவாசி இரு மடங்கிற்கும் மேலாக ஏறியது. கொடுப்பனவோ ஏறவில்லை. மாறாக, 2013 ஒக்ரோபரில் அதிலிருந்து 30 வீதம் வெட்டப்பட்டது: உணவுக்கும் உறைவிடத்திற்கும் 22 வீதம், தொலைபேசி வசதிக்கு 8 வீதம். எஞ்சியது 4.83 டொலர். அந்த உயர்ந்தபட்சத் தொகையை எட்டியவர்களும் மிகச் சிலரே.

இதனை எதிர்த்துப் பல சிறைகளில் கைதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் நீதிமன்றப் படியேறினர். இது ஊழியர்–முதலாளி உறவு, தொழிற்சட்டம் எமக்கும் பொருந்தும், இக்கழிவு உரிமைப் பட்டயத்திற்கு முரணானது என்பன அவர்களது வாதங்கள். 2018இல் சமஷ்டி நீதிமன்றமும், 2019இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவற்றை நிராகரித்தன. சிறைவேலை மறுவாழ்வுக்கான திட்டமே, அதற்குக் கொடுக்கப்படுவது ஊக்கத்தொகையே, தொழில் உறவு அங்கில்லை என்பது தீர்ப்பின் சாரம். 30 வீதம் வரை கழிப்பதற்கு 1992ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கிறது.

தீர்ப்பை மதிக்கிறோம். ஆயினும் கேட்கிறோம்: அது ஊதியமே அன்று எனில், ஊதியம் பெறுபவனிடம் கேட்பது போல் வாடகை கேட்பது எந்த நியாயம்?

இன்னுமொன்று. 1981இல் இக்கொடுப்பனவு கணக்கிடப்பட்டபோதே உணவு, உறைவிடச் செலவு கருத்திற் கொள்ளப்பட்டே தொகை குறைத்து வகுக்கப்பட்டது. இதனைச் சுட்டிக்காட்டியவர் அரசே நியமித்த சிறை விசாரணை அதிகாரி. ஆகவே ஒரே சோற்றுக்கு இருமுறை விலை வாங்கப்படுகிறது!

“வெளியே உழைக்கும் ஏழையும் வாடகை கட்டுகிறானே” என்பார்கள். கட்டுகிறான், ஆனால் அவனது உழைப்பிற்கு ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் காவல் நிற்கிறது. கைதிக்கு அக்காவல் இல்லை. நீதிபதி விதித்த தண்டனை சுதந்திர இழப்பே. அதன்மேல் வறுமையையும் விதிக்க எவருக்கும் அதிகாரமில்லை.

அந்த 8 வீதத்தின் கனத்தை எம்மவர் நன்கறிவர். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் தாயகத்தில் அடைபட்ட பிள்ளையின் ஒரு குரலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தாய்மார் எம்மிடையே வாழ்கின்றனர். சிறையிலிருந்து வரும் அழைப்பு ஆடம்பரமன்று; குடும்பம் குலையாமல் காக்கும் இழை. சேமிப்பின்றி வெறுங்கையுடன் வெளியே வருபவன் முதல் மாத வாடகைக்கு எங்கே போவான்? அவன் மீண்டும் தவறினால் அதன் விலையைச் செலுத்துவது சமூகமே.

2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், கைதியின் உழைப்பிற்கு நியாயமான ஊதியம் வேண்டும், அதில் ஒரு பகுதியைக் குடும்பத்திற்கு அனுப்பவும் ஒரு பகுதியை விடுதலைக்கென சேமிக்கவும் வழி வேண்டும் என்கின்றன. அதே 2015இல் கனடாவில் ஆட்சி மாறியது. ஆனால் புதிய அரசும் இக்கழிவைக் காத்தே நீதிமன்றில் வாதாடியது. எனவே இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமன்று.

நீதிமன்றம் கைவிரித்த இடத்தில் நாடாளுமன்றமே திருத்த வேண்டும். வாக்குக் கேட்டு எம் வாசலுக்கு வரும் உறுப்பினர்களிடம் இந்தக் கேள்வியையும் நாம் வைப்போம். சிறைவாசலில் நின்ற அனுபவமுள்ள இனம், மற்றவர் நிற்கும்போது வாய்மூடி இருத்தல் அறமன்று.