பயத்துக்கும் நிவாரணம் வேண்டும்!

2004 டிசம்பர் 26 காலை நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் விழுங்கிற்று. தப்பிய பிள்ளைகளில் பலர் அலையோசை கேட்டாலே நடுங்கினர், தூக்கத்தில் அலறினர். பேயுமல்ல, பிசாசுமல்ல. பயங்கரத்தைக் கண்ட மூளை, ஆபத்து தீர்ந்த பின்னும் ஆபத்து ஆபத்தென்றே மணியடிக்கிறது.

அப்பொழுது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் வந்து ஆசிரியர்களுக்கும் உள்ளூர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி தந்தனர். படம் வரைதல், கதை, விளையாட்டு: இவைதாம் மருந்து. வாயால் சொல்ல முடியாததைக் குழந்தை வரைந்து காட்டும். வேளைக்குச் சோறு, தவறாத பள்ளிக்கூடம், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு பெரியவர் இருப்பதும் வைத்தியமே.

2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யத்தையும் கோடியக்கரையையும் சூறையாடிற்று. விழுந்த தென்னைக்கு 1,100 ரூபாய் என்று சர்க்கார் கணக்குப் போட்டது. சரிதான், அதுவும் போதாது! ஆனால் இருட்டில் கூரை பறந்ததைப் பார்த்த உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கு எந்தப் பதிவேட்டில் இடமிருந்தது?

பணக்காரன் பிள்ளையைக் காரில் டாக்டரிடம் அழைத்துப் போவான். கூலிக்காரன் நாகைக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போயிற்று. ஒரு தடவையில் தீரும் சிகிச்சையுமல்ல இது. ஆகவே ஆலோசகர் பள்ளிக்கூடத்துக்கே வரவேண்டும், நிரந்தரச் சம்பளத்தில், புயலுக்கு முன்பே. ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போட்டு, ஐப்பசி மழைக்கு முன் கலெக்டரிடம் கொடுங்கள்.