ஒளிய வந்தவர்களா வெட்டவெளியில் குடியேறினார்கள்?

ராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், கோவில்பட்டி என்று போனால், தெலுங்கு பேசும் குடிகள் இங்கு வந்த கதையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வடக்கே துலுக்க ராஜா பெண் கேட்டான், மானம் பெரிதென்று ராவோடு ராவாகப் புறப்பட்டார்கள், ஆறு குறுக்கிட்டது, கரையில் நின்ற மரம் வளைந்து பாலமானது. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில் தொட்டியர் கதையாக இது புங்க மரத்தோடு இருக்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ இந்தத் தப்பியோட்டத்தை நாடறியச் செய்தது. கதையாக இருக்கும்வரை வம்பில்லை. சாதிச் சங்க மலர்களில் இதுவே வரலாறாக அச்சாகும்போதுதான் மறுக்க வேண்டியிருக்கிறது.

உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் மறைவிடம் தேடுவான். அது இங்கே பக்கத்திலேயே இருந்தது: மேற்குத் தொடர்ச்சி மலை, அடிவாரக் காடு, ஓடைத் தண்ணீர். வந்தவர்களில் மிகப் பலர் அதை விட்டுவிட்டு, காத தூரத்திலிருந்தே குதிரைப்படையின் கண்ணில் படும் பொட்டலில் ஊர் கட்டினார்கள். ராஜபாளையத்து ராஜுக்கள் அடிவாரத்துக்கு அருகில் இருந்தாலும், மலைக்குள் போய் ஒளிந்துகொள்ளவில்லை. திறந்த நிலத்தில்தான் அமர்ந்தார்கள். காலக்கணக்கும் உதைக்கிறது. விஜயநகர இளவரசன் குமார கம்பணன் 14ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களை வென்றவன். அவன் படை துரத்தப்பட்ட கூட்டமல்ல, துரத்திய கூட்டம். விசுவநாத நாயக்கர் 1529 வாக்கில் மதுரையில் அமர்ந்துவிட்டார். விஜயநகரம் சுல்தான்களிடம் தோற்ற தலைக்கோட்டைப் போர் நடந்ததோ அதற்குப் பிறகு, 1565இல். ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் வைத்துக் கிருஷ்ணதேவராயரே ‘ஆமுக்தமால்யதா’ என்று தெலுங்கில் காவியம் பாடியிருக்கிறார். திசை தெரியாமல் வந்து சேர்ந்த இடமல்ல இது. விஜயநகர அரசவைக்கு நன்றாகத் தெரிந்த சீமை.

பிறகு ஏன் பொட்டலுக்குப் போனார்கள்? தாமிரபரணிக் கரை நஞ்சை முன்பே பிராமணர், வேளாளர் கையில் இருந்தது. மலையடிவாரத்தில் சேத்தூர், சிவகிரி போன்ற மறவர் பாளையங்கள். மிச்சமிருந்ததில் பெரியது கிழக்கே கரிசல். அதை ‘மிச்சம்’ என்பதே நஞ்சைக்காரன் பார்வை. கோடையில் கால் இறங்கும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்துவிட்டால் லேசில் ஈரத்தை விடாது. அந்த ஈரத்திலும் தை மாசிப் பனியிலும் பருத்தி நின்று காய்க்கும். கம்பும் சோளமும் வாய்க்கால் இல்லாமலே வீடு வந்து சேரும். ஆனால் கனத்த கலப்பையும் ஏர்மாடுகளும் நிறைய வேண்டும். பல்லாரி, கர்நூல் பக்கத்துக் கருமண்ணைத் தெரிந்தவர்களுக்கு இது புது வித்தை அல்ல. திருநெல்வேலிச் சீமையின் உழவர் வரலாற்றை 1985இல் எழுதிய டேவிட் லட்டனும் தெலுங்கர் குடியேற்றத்தைக் கரிசல் புன்செயோடுதான் சேர்த்துப் பார்க்கிறார். பயம் ஒருவனை ஊரைவிட்டுக் கிளப்பலாம். எந்த மண்ணில் ஏர் பூட்டுவது என்பதைப் பயமா முடிவு செய்யும்?

பாட்டன் பூட்டன் வாய்வழியாக வந்தது பொய்யாகுமா என்பார்கள். போரும் பஞ்சமும் சிலரை விரட்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சாதிக்குச் சாதி அதே பெண், அதே ராஜா, அதே ஆறு என்று வந்தால், அது நடந்ததற்குச் சாட்சி ஆகாது. கைமாறிக் கைமாறி வந்த கதை என்பதற்குத்தான் சாட்சி. அந்தக் கதையால் ஒரு லாபமும் உண்டு. அடைக்கலம் தேடி வந்தவனிடம், ‘உனக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்?’ என்று யாரும் கேட்பதில்லை. காட்டை அழித்துப் புன்செய் ஆக்கியது, காவல் உரிமைக்கு நடந்த சண்டை, பள்ளர்களும் அருந்ததியர்களும் சிந்திய வியர்வை எல்லாமே அந்த மரப்பாலத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்து அருந்ததியர் பலர் வீட்டிலும் பேச்சு தெலுங்குதான். அவர்கள் எந்த ராஜாவுக்குப் பயந்து வந்தார்களாம்? மலர் போடுகிறவர்கள் அடுத்த முறை பெண் கேட்ட ராஜாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்; மற்றப் பக்கங்களைக் கரிசலுக்கும் அதை உழுத எல்லாருக்கும் கொடுக்கட்டும்.